மரத்தடியில் சக்கை அழுகுது, மெனுவில் மஞ்சூரியன் மணக்குது!



நான் திருவட்டாறில் வசிக்கும் ஒரு குடும்பத் தலைவி. மாமியார் பிரச்னை, பிள்ளைகள் படிப்பு, நகைச் சீட்டு என்று சகோதரிகள் இந்தப் பகுதியில் எவ்வளவோ எழுதுகிறீர்கள். நான் இன்றைக்கு எழுதப் போவது சாப்பாட்டைப் பற்றி. சமையல் குறிப்பு என்று நினைத்து விடாதீர்கள். சாப்பிடுவதைப் பற்றி!

ஆமாம், நான் ஒரு சாப்பாட்டுப் பிரியை. இதை வெளியே சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். ஆம்பிளை ரசித்துச் சாப்பிட்டால் 'சாப்பாட்டு ராமன்' என்பார்கள். கேலிதான் என்றாலும் அதில் ஒரு செல்லம் இருக்கும். அதையே ஒரு பொம்பளை செய்தால், 'அவளுக்கு நாக்கு நீளம்' என்று முடித்து விடுவார்கள். மூன்று வேளையும் ருசியாகச் சமைத்துப் போடத் தெரிந்தவளுக்கு, ருசி பார்த்துச் சாப்பிடவும் தெரியும்தானே?

கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எதற்காக வெளியூர் போனாலும் சரி, போன காரியம் முடிந்ததும் அந்த ஊரில் எது விசேஷம் என்று விசாரித்துச் சாப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். என் வீட்டுக்காரர் தடை சொல்ல மாட்டார். "சாமி கும்பிட்டாச்சு, இனி உனக்க கோயிலுக்குப் போவமா?" என்று சிரிப்பார், அவ்வளவுதான்.

இப்படிப் பல வருஷமாகச் சாப்பிட்டுப் பார்த்ததில், ஒரு ஹோட்டலை எடை போட எனக்கென்று ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். உட்கார்ந்ததும், "இப்போ என்ன சீசன்? அதுல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்பேன். மேஜை பளபளப்பு, ஏ.சி., மீன் தொட்டி எல்லாம் அப்புறம்தான்.

எங்கள் பக்கத்து மெயின் ரோடு ஹோட்டல்களில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். "நாண், பன்னீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், பிரைட் ரைஸ்... எல்லாம் இருக்கும்மா!" சித்திரையிலும் இதுதான், ஐப்பசியிலும் இதுதான். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எங்கே போனாலும் இதுதான். மெனு கார்டில் ஹோட்டல் பெயரை விரலால் மறைத்து விட்டால், எது எந்த ஹோட்டல் என்று சொல்லவே முடியாது.

போன சக்கை சீசனில் ஒரு நடுத்தர ஹோட்டலில் (பெயர் வேண்டாம்) "சக்கை எரிசேரி உண்டா தம்பி?" என்று கேட்டேன். பரிமாறுகிற பையன் சிரித்து விட்டான். "அதெல்லாம் வீட்டுச் சாப்பாடு அம்மா, கடையில யாரு கேப்பா?" என்றான். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து சன்னல் வழியே பார்த்தால், பக்கத்து விளையில் பழுத்து விழுந்த சக்கையை ஈ மொய்த்துக் கொண்டிருக்கிறது. மேஜை மேல் எங்கிருந்தோ லாரியில் வந்த காலிபிளவர், சிவப்புச் சாயத்தோடு, ஒரு பிளேட் 120 ரூபாய்!

(வெளி மாவட்டச் சகோதரிகளுக்கு: நீங்கள் பலா என்று சொல்வதை நாங்கள் சக்கை என்போம். 'உதவாத சரக்கு' என்ற அர்த்தம் எங்கள் ஊரில் கிடையாது!)

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டையும் இப்படி நன்றாக வாங்கும் இடங்கள் குறைவு. நெல்லிலேயே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மழைக்குத் தகுந்தபடி அடுப்பங்கரையும் மாறும்.

மாசி, பங்குனியில் இடிச்சக்கைத் துவரன். கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) வாசம் வீசும். பச்சை முந்திரிப் பருப்பை உரித்துக் கறி வைப்போம். சித்திரை, வைகாசியில் சக்கை எரிசேரி, மாம்பழப் புளிசேரி, அயனிச்சக்கை, நுங்கு, அக்கானி. உங்கள் ஊரில் அதைப் பதநீர் என்பீர்கள்.

ஆனி, ஆடியில் மழை கொட்டும். எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வருகிற மீன்தான். அப்போது கருவாடு, சேமித்து வைத்த சக்கைக்குரு, மரச்சீனி, கஞ்சியும் பயறும். மழையில் நடுங்கிக் கொண்டு சாப்பிட இதை விட என்ன வேண்டும்?

ஆவணியில் ஓணம். ஏத்தன் குலைக்கு ஏக கிராக்கி. மழைக்காலம் கழிந்து சாளை மீனில் கொழுப்பு ஏறியிருக்கும். சட்டியில் போட்டால் தன் எண்ணெயிலேயே பொரியும் என்று எங்கள் மாமி சொல்வார்கள். கார்த்திகையில் வாசனை இலையில் பொதிந்த தெரளிக் கொழுக்கட்டை. மார்கழி, தையில் சேனை, காச்சில், சேம்பு, சிறுகிழங்கு என்று மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் மேலே வரும்.

இத்தனையில் எங்கள் ஊர் ஹோட்டல் மெனுவில் ஏறியது எத்தனை? விரல் விட்டு எண்ணி விடலாம். அதையும் ஓரளவு காப்பாற்றி வைத்திருப்பது பெரிய ஹோட்டல்கள் அல்ல. ரோட்டோரச் சாயாக்கடைகள்தான். அங்கேதான் ஏத்தம்பழம் நன்றாகப் பழுத்தால் பழம்பொரி போடுவார்கள். நல்ல மரச்சீனி வந்தால் அவித்து மிளகாய்ச் சம்மந்தியோடு தருவார்கள். இல்லாத நாளில், "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாங்க" என்பார்கள். 'இல்லை' என்று தைரியமாகச் சொல்கிற கடையில்தான் 'இருக்கு' என்பதற்கு மதிப்பு! ஆனால், அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட இன்றைக்கும் நம்மால் முடிகிறதா? ஆண்கள் பேப்பர் படித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நாம் பார்சல் வாங்கிக் கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

எல்லா உணவுக்கும் சீசன் வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவுக்கு ஏது சீசன்? கோதுமைப் பால், சர்க்கரை, நெய், கைப்பக்குவம். அது எப்போதும் ஒரே மாதிரி இருப்பதுதான் அழகு. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் செங்கல் கட்டிட இந்தியன் காபி ஹவுஸுக்கும் போயிருக்கிறேன். மசால் தோசைக்குள் பீட்ரூட்டை வைத்துச் சிவப்பாகத் தருவார்கள். தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துகிற கடை. வருஷம் முழுக்க அதே சிவப்பு, அதே ருசி. அதையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால், சீசனையே வியாபாரமாக்கிய ஊர்களைப் பாருங்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் மங்குஸ்தான், ரம்புட்டான் என்று பழக்கடைகளே களை கட்டி விடும். அருவியில் குளித்து விட்டு அந்தப் பழத்தை வாங்காமல் யார் திரும்புகிறார்கள்? சென்னையில் மார்கழி வந்தால் சபா கேன்டீன்கள். தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன், கச்சேரி டிக்கெட் இல்லாதவர்கள்கூடச் சாப்பாட்டுக்கென்றே வருகிறார்கள். இன்றைக்கு என்ன மெனு என்று தினமும் பேச்சு! குஜராத்தில் குளிர்காலம் வந்தால் 'உந்தியூ' என்று காய், கிழங்கு, பச்சைப் பூண்டு எல்லாம் சேர்த்த கூட்டு. மும்பை, குஜராத் பக்கம் தாலி ஹோட்டல்களில் கோடையில் மட்டும் 'ஆம்ரஸ்' என்ற மாம்பழச் சாறு பரிமாறுவார்கள். அதற்காக மற்ற மாதங்களில் காத்திருப்பார்கள். ஜப்பானிலோ ஒரு பொருள் நல்ல ருசியில் இருக்கும் பருவத்துக்கு 'ஷுன்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். உயர்ந்த ஹோட்டல் என்றால் அந்தந்தப் பருவத்தைப் பரிமாறுவது என்று அங்கே அர்த்தம். நம்மிடமோ உயர்ந்த ஹோட்டல் என்றால் எல்லாமே எப்போதும் கிடைக்க வேண்டும்!

எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நானூறு வருஷங்களுக்கு மேல் கழித்து 2022 ஜூலை 6-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. வெளியூரில் இருந்து வரும் பெண்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள், "இங்கே சாப்பிட என்னங்க விசேஷம்?" என்று. இத்தனை விசேஷத்தை வைத்துக் கொண்டு, கை நீட்டிக் காட்ட ஒரு கடை இல்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும். மதுரையில் இருந்து வருகிறவர் இங்கே வந்தும் பரோட்டாவைத் தின்று விட்டுப் போனால், அவர் நம் ஊருக்கு வந்ததாக எப்படிச் சொல்வது?

'இது என்ன பெரிய விஷயம், ருசிக்கு அலைகிறாளே' என்று நினைக்காதீர்கள். ருசியோடு நிற்கிற விஷயம் இல்லை இது.

எங்கள் பக்கம் மலைச்சரிவு முழுக்க ரப்பர் வந்து விட்டது. மிச்சமிருக்கிற விளைகளில்தான் சக்கை, அயனி, மாவு, புளி எல்லாம். சக்கை மரத்தடிக்கும் அயனித் தடிக்கும் நல்ல விலை உண்டு. கதவு, நிலை, கட்டில் என்று எல்லாம் செய்யலாம். பழத்துக்கோ விலை இல்லை. சீசனில் பக்கத்து வீட்டுக்காரர், "ரெண்டு சக்கை கொண்டு போங்க, கிடந்து அழுகுது" என்று கெஞ்சுகிறார். பழத்துக்கு விலை இல்லை, தடிக்கு விலை உண்டு என்றால் மரம் எத்தனை நாள் நிற்கும்? மகள் கல்யாணம் வருகிறபோது தடிக்காரனைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கேரளத்தில் 2018-ல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தார்கள். நம் தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் பலாதான். எங்கள் மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், பட்டம் கொடுத்தால் மட்டும் மரமும் வாழையும் பிழைக்காது. யாராவது காசு கொடுத்து வாங்கித் தின்ன வேண்டும்.

ஹோட்டல்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லி விடுகிறேன். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சிறிய ஹோட்டல் நடத்துகிறார். கேட்டேன். "மைனி, கோபின்னா பத்து நிமிஷத்துல வெட்டிப் போட்டுருவான். ஒரு சக்கைய வெட்டிச் சுளை எடுக்க ஒரு ஆளு ஒரு மணி நேரம் உக்காரணும். பிசினைப் பாத்தாலே வேலைக்காரப் பயலுவ ஓடுதானுவ. அதோட, வீட்டுல திங்கறதக் கடையில வந்து காசு குடுத்து யாரு திம்பா?" என்றார்.

இரண்டுமே நியாயமான கேள்விதான். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏனென்றால், இதே கேள்வியை நம் வீட்டு ஆண்களும் கேட்கிறார்கள், நாமும் கேட்கிறோம்.

'வீட்டில் தின்பது' என்கிறோமே, அந்த வீட்டில் அதைச் செய்வது யார்? கைக்கும் கத்திக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, தரையில் பேப்பரை விரித்து, சுளை வேறு கொட்டை வேறாக எடுத்து, பிசின் ஒட்டிய விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தேங்காய் அரைத்து, எரிசேரி வைத்து, எல்லோருக்கும் பரிமாறி விட்டுக் கடைசியில் உட்காருகிறவள் யார்? அதற்குள் சட்டியில் மிச்சம் இருப்பது ஒரு கரண்டி. அதுவும் ஆறிப் போயிருக்கும். பருவத்துச் சாப்பாட்டின் ருசியைக் காப்பாற்றுவது நம் கை. சூடாக, நிறைவாக அதைச் சாப்பிடக் கொடுத்து வைக்காததும் நாமேதான்!

நான் சொல்வது இதைத்தான். இன்னொருத்தர் வெட்டிச் சுத்தம் பண்ணின சக்கையை, இன்னொருத்தர் வைத்த எரிசேரியாக, சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற சுகம் நமக்கும் ஒரு தடவையாவது வேண்டும். காசு கொடுத்துச் சாப்பிட அதை விட நல்ல காரணம் எது? மஞ்சூரியனை யூடியூப் பார்த்து வீட்டிலேயே அரை மணியில் செய்து விடலாம். பாடுபட வேண்டிய பண்டத்தைத்தான் கடையில் தேட வேண்டும்.

'நாட்டுச் சாப்பாடு வீட்டோடு சரி, மரியாதை கிடைக்காது' என்பவர்களுக்கு மரச்சீனியின் கதையைச் சொல்வேன். எங்கள் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அங்கே மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்று பஞ்சம் வந்தபோது ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். அதனாலேயே அது 'இல்லாதவர்கள் தின்பது' என்று ஆகி விட்டது. விருந்தாளி வந்தால் மரச்சீனிச் சட்டியை மறைத்து வைத்த வீடுகளை எங்கள் மாமி கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதே கிழங்கும் மீன் கறியும் சுற்றுலா ஹோட்டல்களில் வாழையிலை போட்டு, நல்ல விலைக்குப் போகிறது! கிழங்கு மாறவில்லை. ஒரு கடைக்காரர் தைரியமாக மெனுவில் எழுதினார், ஒரு வாடிக்கையாளர் வெட்கப்படாமல் கேட்டார், அவ்வளவுதான் நடந்தது. மரச்சீனிக்கு நடந்தது சக்கைக்கும் சிறுகிழங்குக்கும் நடக்காதா?

முதல் கேள்விக்கு, அதாவது வேலைக்கு ஆள் இல்லை என்பதற்கு, பதில் நம் கையிலேயே இருக்கிறது. ஊர் ஊருக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் 2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது அடுப்பை ஏற்றது சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். கேரளத்தில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் சொந்தமாகக் கேன்டீனும் உணவகமும் நடத்துகிறார்கள். நம் பெண்களுக்கு மட்டும் முடியாதா? சக்கையை வெட்டிச் சுளையும் கொட்டையும் தனித்தனியாக்கி, கிலோ இவ்வளவு என்று காலையில் ஹோட்டலுக்குக் கொடுத்தால் போதும். பிசினுக்குப் பயப்படுகிற சமையல்காரருக்கும் நிம்மதி. வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிற அதே வேலைக்கு நம் கையில் காசு. மரத்துக்காரருக்கும் பழத்துக்கு ஒரு விலை. மரமும் நிற்கும். அழுகிற பழத்தில் மூன்று வீட்டுக்கு வரும்படி இருக்கிறது.

ஹோட்டல் முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் சின்னதுதான். மெனு கார்டை மாற்ற வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை போதும். 'இன்று: இடிச்சக்கைத் துவரன்' என்று சாக்பீஸில் எழுதுங்கள். மீல்ஸில் ஒரு கூட்டை மட்டும் அந்த மாதத்துப் பொருளில் வையுங்கள். மீன் தடைக்காலத்தில், "ஐஸ் மீன்தாம்மா, கருவாட்டுக் குழம்பு நல்லா இருக்கு, அதைச் சாப்பிடுங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற கடைக்கு நான் பஸ் ஏறியும் வருவேன். சாயாக்கடைக்காரர்களே, குடும்பமாக வருபவர்களுக்கு ஒரு மேஜை ஒதுக்குங்கள். உங்கள் பழம்பொரியின் அருமை ஆண்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா?

தோழிகளே, நமக்கும் வேலை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகிறோம். பிள்ளைகள் கேட்பதை வாங்கிக் கொடுத்து விட்டு, "எனக்கு எதுவானாலும் சரி" என்று ஒரு வார்த்தை சொல்வோமே, முதலில் அதை நிறுத்த வேண்டும். நமக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்வோம். "இப்போ என்ன சீசன்?" என்று கேட்போம். இல்லை என்றால், "அடுத்த தடவை வையுங்க" என்று சொல்லி விட்டு வருவோம். ஒருத்தி கேட்டால் பையன் சிரிப்பான். பத்துப் பேர் கேட்டால் முதலாளி எழுந்து வந்து என்ன என்று விசாரிப்பார். யாரும் கேட்பதில்லை என்பதுதானே அவர்கள் சொல்லும் சாக்கு!

உங்கள் ஊரில் அந்தந்தப் பருவத்துச் சாப்பாட்டை மெனுவில் வைக்கிற கடை இருந்தால், இந்தப் பகுதிக்கு எழுதிப் போடுங்கள். பண்ருட்டியோ, பொள்ளாச்சியோ, எங்கே என்றாலும் சரி. நான் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். நாக்கு நீளம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை!

- ஒரு சாப்பாட்டுப் பிரியை,
திருவட்டாறு.